ஓடாத ஆட்டக்காரிகள்

என் குறிப்பேட்டில் 16.12.1976, வியாழக்கிழமைப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: “காலை எட்டேகால், கொல்லங்கோட்டிலிருந்து சித்தூர் பஸ். முன் இருக்கையில் இரு விவசாயிகள். இருவரின் மகள்களும் கல்லூரிப் பெண்கள் புட்பால் அணியில்.” சனிக்கிழமை பாலக்காட்டில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். மகளை அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

“ஊரு பாக்க ஓடுனா நாளைக்கு எவனுங்க பொண்ணு கேட்டு வருவான்?” என்றார் தலைப்பாகை கட்டியவர்.

“எம்புள்ள ஓடறதில்லீங்க,” என்றார் மடியில் குடை வைத்திருந்த மற்றவர். “கோல்கீப்பரு. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல சும்மா நிக்கோணும். அதனாலதான் உட்டேன்.”

“ஏனுங்க, எம்புள்ளையும் கோல்கீப்பருன்னுதான சொல்லுச்சு.”

குடைக்காரர் சற்று யோசித்தார். “அந்தக் கோடியிலயும் ரெண்டு கம்பம் இருக்குதல்லங்க. அங்க நிக்குமாட்ட இருக்குது.”

பின் இருக்கையில் கூடையோடு இருந்த பெண்மணி முன்னால் குனிந்தார். “எங்கூட்டுப் புள்ளையும் கோல்கீப்பருதானுங்க.”

தலைப்பாகைக்காரர் விரலை மடக்கி மூன்று வரை எண்ணினார்.

“அப்ப ஓடறது யாருங்க?” என்றார்.

“டவுன் புள்ளைகளா இருக்குமுங்க,” என்றார் குடைக்காரர். “அதுகளுக்கென்ன, கேக்கறதுக்கு ஆளா இருக்குது?”

“அப்ப அனுப்பீரலாமுங்களா?”

“நிக்கறதுக்குத்தானுங்களே. அனுப்புங்க.”

திங்கட்கிழமை கல்லூரி வாசல் பலகையில், பெண்கள் அணி மூன்று கோல் அடித்து வென்றதாக எழுதியிருந்தது. அடித்தவர் பெயர் அதில் இல்லை. யார் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.