தோள் குடுத்தவங்க

இல்லக்கா, அந்த ஜன்னல மூடாதீங்க. மேல ஒரு ஜவ்வாது வாசன ஒட்டிக்கினு கீது, காத்துல போவட்டும். அந்தக் கூட்டம் முடிஞ்சதுலேந்து இப்படித்தான்.

இன்னா கூட்டமா? பக்கத்து சொரங்கம் கோரமண்டல்ல இருந்துக்கினு ஆண்டர்சன்பேட்ட சங்கதி காதுல விழலியா? வெள்ளக்காரப் புள்ளைங்க வந்து எறங்கிச்சே, அமெரிக்கா, ஜெர்மனின்னு. லீவு விட்டா அதுங்க தேசம் தேசமா போவுமாம். எல்லா மதத்துக்காரனும் எப்டி ஒத்துமையா கீறான், அவனவன் இஷ்டப்பட்ட சாமிய கும்பிட உடறாங்களான்னு பேசிப் பாக்குமாம். பதிலுக்கு நம்ம பக்கத்துலேந்து ஒரு காலேஜ் புள்ளைய பொறுக்கி அவங்க ஊருக்கு இட்டுக்கினு போவாங்களாம்.

அந்தப் புள்ளைங்கள குத்தம் சொல்லலக்கா. வெயில்ல மூஞ்சி செவந்து, தரையில சம்மணம் போட்டு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்துச்சிங்க. மேடையில இருந்தவங்கள பாத்தாதான்... த்தூ. கோயில் தர்மகர்த்தா ராஜப்பா இந்தப் பக்கம், சர்ச்சு பெரியவரு கொர்னேலியஸ் அந்தப் பக்கம். ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கைய போட்டுக்கினு போட்டோ.

நாங்க புத்தர கும்பிடறவங்க, புத்தங்க. எம் புருஷன் தங்கச் சொரங்கத்துல, அடி ஆழத்துக்கு எறங்கற ஷாஃப்ட்ல வேல செஞ்சவரு. சிவலிங்கம்ன்ற பேர தம்மபாலன்னு மாத்திக்கினாரு. உசுரோட இருந்தவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல. புத்தங்கன்னும் ஒருத்தர் வேணுமேன்னு என்னையும் மேடையில ஏத்திட்டாங்க. சாரான்னு ஒரு பொண்ணு கேட்டுச்சி, உங்க ஊட்டுக்காரரு செத்தப்ப மத்த மதத்துக்காரங்க எப்டி நடந்துக்கினாங்கன்னு.

நான் உள்ளத சொன்னேன். சித்திர மாச வெயில். கல்லு விழுந்து நசுங்கின ஒடம்பு, வெச்சிருக்க முடியாது. ராஜப்பா யாரு? எம் புருஷனுக்கு சொந்தப் பெரியப்பா மவன்க்கா. இடுகாட்டு கேட்ட பூட்டிட்டாரு. சாமிய உட்டுட்டுப் போனவனுக்கு எங்க மண்ணு எதுக்குன்னாரு. கொர்னேலியஸ் ஐயா கால்ல போயி விழுந்தேன். ஞானஸ்நானம் வாங்காதவன கல்லறைத் தோட்டத்துல வெக்க முடியாதுன்னுட்டாரு. பொழுது சாயற வரைக்கும் ஈ ஓட்டிக்கினு தெருவுல உக்காந்திருந்தேன். அப்பால ஷிஃப்ட் முடிஞ்சி வந்த ஆளுங்கதான் தூக்கிக்கினு போனாங்க. தங்கக் கல்ல அரைக்கற மில்லுலேந்து கழிவு மண்ண கொட்டி வெச்சிருக்கானே, அந்த சயனைடு மேட்டாண்ட குழி தோண்டினாங்க. புல்லுகூட மொளைக்காத எடம்.

இத்தனையும் சொன்னேன். நான் பேசறத இங்கிலீஷ்ல எடுத்து சொல்ல மைக்காண்ட ஒருத்தன் நின்னுக்கினு இருந்தான். தொண்டைய செருமினான். இன்னா சொன்னான் தெரியுமா? இவங்க புருஷன் செத்தப்ப கோயில்காரரும் சர்ச்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தோள் குடுத்துத் தூக்கினாங்களாம்னு சொன்னான்க்கா.

ஒரே கைதட்டு. அந்த சாரா பொண்ணு அழுதுக்கினே ஓடியாந்து என் கைய புடிச்சிக்கிச்சி. ராஜப்பா எழுந்து வந்து எனக்கு சால்வ போத்தறாரு. அவரு மேல ஜவ்வாது வாசன. அதான் இன்னும் எம் மேல ஒட்டிக்கினு கீது.

எனக்கா? இங்கிலீஷ் நல்லா புரியும்க்கா. சர்க்கார் இந்த மைன்ஸ எடுத்துக்கற வரைக்கும் வெள்ளக்கார இஞ்சினீர் தொர பங்களாவுல ஆயாவா இருந்தவ நான். பேசவும் வரும்.

ஆமா, மைக்க புடுங்கி நானே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சி. அவன் திரும்பி என்ன ஒரு பார்வ பாத்தான். வேணாம்மான்ற மாதிரி. அத்தினி பேர் எதிர்ல, இவன் புளுகறான்னு பெத்தவ எப்டிக்கா சொல்லுவா?

எம் புள்ளதான். நெடுஞ்செழியன். அவங்க அப்பன் குழியில மொதல் புடி மண்ண போட்டவனே அவன்தான். அமெரிக்காவுக்கு அவனத்தான் பொறுக்கியிருக்காங்க. முன்னாடி பெட்டியில கீறான். வழியனுப்பறதுக்கு ராஜப்பாவும் கொர்னேலியஸும் கூட உக்காந்திருக்காங்க. அங்க வாம்மான்னுதான் கூப்ட்டான். நான் இங்க வந்து ஏறிக்கினேன்.

பங்காருபேட்ட வந்துட்டுது பாருங்க, அவங்களும் இங்கதான் எறங்கி வேற ரயிலு மாறணும். நீங்க எறங்கறீங்க இல்ல? இந்தத் தூக்குச் சட்டிய அவன் கையில குடுத்துடுங்கக்கா. கழுத்துல மால போட்டிருப்பான், பாத்தாலே தெரியும். புளிசோறு, நாளைக்கும் கெட்டுப்போவாது. நான் இதே வண்டியில திரும்பிப் போயிடறேன். எங்கம்மா எங்கன்னு கேட்டான்னா, எறங்க மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லுங்க.