கரும்புக்காட்டுக் குடிசையில் ஒரு பீப் சத்தம்

— கடைசி வரிய மட்டும் படி அம்மிணி.

— தமிழ்ல சொன்னா இப்படி வரும். "எழிலரசி ஆகிய நான் இந்தப் படத்தில் யாருக்கும் குரல் கொடுக்கவில்லை. சப்டைட்டில் மட்டுமே எழுதினேன்." கீழ கையெழுத்துக்கு ஒரு கோடு.

— அவ்வளவுதானே? வெரல்ல ஒரு கிறுக்கு கிறுக்கி அனுப்பிரு. விருதுக் கமிட்டி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்குன்னு புரொட்யூசர் மூணு தடவ மெசேஜ் போட்டுட்டார். பம்பாய்ல சாயங்காலம் ஆறுன்னா நமக்கு காலையில எட்டரை. இப்ப எட்டு அஞ்சு.

— மணி எனக்கும் தெரியுது சபரி. ரோட்டப் பாத்து ஓட்டு.

— சனிக்கிழமை காலையில இந்த 206 ரோட்டுல இத்தன வண்டி. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அர்ச்சனை டைம் முடிஞ்சிரும்.

— அர்ச்சனை எதுக்கு? செவ்வாய்க்கிழமை கிரீன் கார்ட் இன்டர்வியூ நல்லபடியா முடியணும்னு. போற வழியில பொய்க் கையெழுத்து. பெருமாள் ரெண்டையும் ஒரே தட்டுல வாங்கிப்பாரா?

— பெருமாள் கேக்க மாட்டார். நெவார்க்ல இன்டர்வியூ எடுக்கற ஆபீசர் கேப்பான். பெர்மிட் இல்லாதப்ப வேலை பாத்தீங்களான்னு. இல்லைன்னு ஃபார்ம்ல எழுதிருக்கோம்.

— காசு வாங்கல. டைட்டில்ல பேர் வேணாம்னேன். படத்துல நடிச்ச சரயுவுக்குத் தொண்டையில ஆபரேஷன், டப்பிங் பேச முடியலன்னு அழுதா. பம்பாய் செம்பூர்ல ஒரே மாடியில வளந்தவ, எங்க வீட்லயே தமிழ் கத்துக்கிட்டவ. அவளுக்காகப் பேசினேன்.

— எனக்குத் தெரியும் அம்மிணி. அவனுக்குத் தெரியோணுமே? உன் பெர்மிட் ரின்யூவலுக்குப் போயிருந்த நேரம் அது. "மகாராஷ்டிரா அரசு விருது, குரல் எழிலரசி, நியூ ஜெர்சி"ன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா? பதினோரு வருஷமா இந்தக் கார்டுக்கு நிக்கறோம்.

— அப்ப அந்த கவர்ன்மெண்டுகிட்ட மட்டும் பொய் சொல்லலாமா?

— அது எங்கியோ கெடக்குது. இது நம்ம கதவத் தட்டும்.

— எல்லாம் உன்னாலதான்.

— நான் என்ன பண்ணேன்?

— மூணு மாசம் சொன்னேன். ஹால்ல ஸ்மோக் அலாரம் பேட்டரி தீந்து பீப் பீப்னு கத்திட்டே இருக்கு, மாத்துன்னு.

— ஏணி வேணும்னு அப்பார்ட்மெண்ட் ஆபீஸ்ல சொல்லித்தான் வெச்சிருந்தேன்.

— நான் குளோசெட்டுக்குள்ள, வின்டர் கோட்டுக்கு நடுவுல, கம்பளியத் தொங்கவிட்டுப் பேசினேன். அப்பவும் மைக் எடுத்திருக்கு. கரும்பு வெட்டிட்டு வந்தவ, குடிசையில அடுப்ப ஊதிட்டு இருக்கா. புருஷன் செத்துட்டான்னு சேதி வருது. அழறா. நடுவுல ஒரு பீப்.

— அடுப்புல அத்தன புகை. அலாரம் சரியாத்தான் கத்திருக்குது.

— சிரிக்காத.

— சரி, சரி. அந்த மிக்ஸிங் பண்ணவன் காதுல விழல. தியேட்டர்ல பாத்தவனுக்கு விழல. கமிட்டியில எவனுக்கு விழுந்துச்சு?

— ஜூரியில ஒரு பெரியவர். பொண்ணு எடிசன்ல இருக்காளாம். ஆறு மாசம் வந்து தங்கிட்டுப் போயிருக்கார். அவங்க வீட்லயும் யாரும் பேட்டரி மாத்தல போல. "இது அமெரிக்க வீட்டுச் சத்தம். இந்தக் குரல எங்க ரெக்கார்ட் பண்ணீங்க?"ன்னு கேட்டுட்டார். நடிச்சவங்களே பேசிருந்தாத்தான் சிறந்த நடிகை விருது. அதான் அவங்க ரூல்.

— கெரகம்.

— எனக்கு எது தாங்கலன்னா, ஒரு தமிழச்சி பேசின மராத்திய அத்தன பேர்ல ஒருத்தர் கூட சந்தேகப்படல. பீப்பத்தான் சந்தேகப்பட்டாங்க.

— பெருமைதானே அது?

— யார்கிட்ட சொல்லிக்கறது அந்தப் பெருமைய?

— என்கிட்ட சொல்லு. எனக்கு மராத்தி ஒரு எழவும் புரியாது. ஆனா அன்னிக்கு நான் வந்து குளோசெட் கதவத் தட்டினேன்ல? என்னமோ ஆயிருச்சுன்னு. ஊர்லருந்து கெட்ட போன் வந்திருக்குன்னு நெனச்சேன்.

— கதவத் தட்டி டேக்கக் கெடுத்த.

— நீ கதவத் தொறந்து, மூக்க உறிஞ்சிட்டு, "ஒன் மோர் டேக், வெளிய போ"ன்ன. இந்த அம்மிணிகிட்ட ஜாக்கிரதையா இருக்கோணும்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

— மொதல்ல ரோட்டப் பாரு.

— மணி எட்டு பதினாலு.

— சரயு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேன். நாலு நாளா போன் எடுக்கல. மெசேஜ் பாக்கறா, பதில் இல்ல. புரொட்யூசர விட்டுக் கேக்கறா.

— வெக்கமா இருக்கும். உன் கொரல்ல அவ விருது வாங்கோணும், அதுக்கு நீயே இல்லைன்னு எழுதிக் குடுக்கோணும். எந்த மூஞ்சிய வெச்சுட்டு கேப்பா?

— என்கிட்ட என்ன வெக்கம்? ஸ்கூல்ல என் மராத்தி ஹோம்வொர்க்க அவ எழுதுவா, அவ சயின்ஸ் ரெக்கார்ட நான் எழுதுவேன். பேர் மட்டும் அவங்கவங்க பேர். அப்ப எதுவும் தோணல. இப்பதான் தோணுது.

— இப்படிப் பாரு. நீ அனுப்பலன்னா அவ விருது போச்சு. நம்ம கார்டு போனாலும் போச்சு. உனக்குன்னு ஒண்ணும் வரப் போறதில்ல. யாருக்கு லாபம்?

— எனக்கு எதுவும் வரவேணாம் சபரி. வேற யாராவது இல்லைன்னு சொன்னா சும்மா இருந்திருவேன். நானே எழுதணுமா?

— வண்டிய ஓரமா நிறுத்தட்டுமா?

— வேணாம். ஓட்டு.

— அழறியா?

— இல்ல. கையெழுத்து நேரா வரல. இரு.

— மெதுவா போடு. யாருக்குப் போகோணும் அது?

— புரொட்யூசர் வேணாம்னுட்டார். நேரா கமிட்டி மெயிலுக்கே அனுப்பணும். என் ஐடியிலருந்து.

— எட்டு இருபத்தஞ்சு.

— போயிருச்சு.

— போயிருச்சா?

— போயிருச்சு.

— நல்லதுதான் பண்ணிருக்க. ரெண்டு பேருக்கும். நெஜமா. கோயில் முடிஞ்சதும் கீழ கேன்டீன்ல தோசை சாப்பிடலாம். என்ன?

— போன் அடிக்குது. சரயு.

— இப்ப அடிக்கறா பாரு! மெயில் வந்துருச்சுன்னு தெரிஞ்சிருக்கும். ஸ்பீக்கர்ல போடு.

— சரயு?

— எழில், நீ பேசாத. நான் சொல்றத கேளு. டாக்டர் என்னை அதிகம் பேசக்கூடாதுன்னு திட்டிருக்கார்.

— உன் தொண்டை என்னடி இப்படி இருக்கு? காத்து மாதிரி வருது.

— இதான்டி இப்ப என் குரல். நாலு நாளா ஒரு வார்த்தை பேசாம சேத்து வெச்சேன். இன்னிக்கு கமிட்டி முன்னாடி போய் நின்னேன். புரொட்யூசருக்கே தெரியாது. "என் வாயிலருந்து வர்றது இவ்வளவுதான், அந்தப் படத்துல அழறது நானா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க"ன்னேன்.

— என்ன சொல்ற?

— உன் பேர எழுதிக் குடுத்துட்டேன். நடிகை லிஸ்ட்லருந்து என் பேர எடுத்துட்டாங்க. பரவால்ல. ஆனா அந்தப் பெரியவர் இருக்கார் பாரு, பீப் புடிச்சவர், அவர் எழுந்து நின்னார் எழில். "அப்ப அந்தக் குரலுக்கு விருது குடுங்க"ன்னார். எல்லாரும் சரின்னுட்டாங்க. தனி விருது. உன் பேர்ல.

— சரயு...

— பேசாதன்னேன்ல? ஒண்ணே ஒண்ணு கேக்கறாங்க. அது உன் குரல்தான்னு உன்கிட்டருந்து ஒரு வரி வரணும். அதுக்குத்தான் போன் பண்ணேன்.

— அம்மிணி, அந்த மெயில திருப்பி எடுக்க முடியுமா பாரு. சீக்கிரம்.

— முடியல சபரி. திருப்பி எடுக்கற டைம் போயிருச்சு.

— யாரு, சபரியா? அவர்கிட்ட சொல்லு, செம்பூர்ல மாடி முழுக்க சாக்லேட் குடுக்கப் போறேன். இரு, என்னமோ கூப்பிடறாங்க... அடியே! உன் மெயில் வந்திருச்சாமே! நான் கேக்கறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டியா?

— சரயு, அதத் தொறக்க வேணாம்னு சொல்லு.

— கேக்கலடி, இங்க எல்லாரும் கை தட்டறாங்க. லைன்லயே இரு. பெரியவர் கண்ணாடி போட்டுக்கறார். உன் லெட்டர சத்தமா படிக்கப் போறாராம்.