தடுத்து வெச்ச நம்பர்

இல்ல மேடம், கம்ப்யூட்டரும் உளறல, நானும் உளறல. கொஞ்சம் சிரிப்பா வருது, அவ்வளவுதான். உக்காருங்க, சொல்றேன். கேட்டுட்டு, போன் காலைத் திருப்பி விடுற வசதியைத் திங்கக்கிழமை ஊருக்கே குடுக்கிறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

பிடிக்காத நம்பரைத் தடுத்து வெக்கிற வசதி நம்ம போன் கம்பெனியில ரொம்ப நாளா இருக்கு. நமக்கு வர்ற காலை இன்னொருத்தருக்குத் திருப்பி விடுறது புதுசு, இப்போதைக்கு நம்ம ஆளுங்க வீட்டுல மட்டும் சோதனைக்குக் குடுத்திருக்கோம். தனித்தனியாப் பாத்தா ரெண்டும் தங்கம். நான் என்ன பண்ணேன், ரெண்டோட விதியையும் கணக்கு மாதிரி எழுதி, சரிபாக்கிற புரோகிராம்கிட்ட குடுத்து, யார் யாரைக் கூப்பிட்டாலும் சரி, தடுத்து வெச்ச ஆள் உள்ள வரவே முடியாதுன்னு நிரூபிச்சுக் காட்டுன்னேன். அது ஒரு வழியையும் விடாது மேடம், தொலைஞ்ச சாவியைத் தேடுற மாதிரி மூலை முடுக்கெல்லாம் போகும். போயிட்டு வந்து, நிரூபிக்க முடியாது, இந்தா பாருன்னு ஒரு வழியைக் காட்டிடுச்சு.

என்ன வழியா? ஒரு அக்கா, தங்கச்சி நம்பரைத் தடுத்து வெச்சிருக்கான்னு வெச்சுக்கோங்க. அவங்கம்மா மத்தியானம் தூங்கப் போறப்ப வர்ற காலையெல்லாம் அக்காவுக்குத் திருப்பி விடுறாங்க. தங்கச்சி அம்மாவைக் கூப்பிடுறா. கால் அக்காகிட்ட போகுது. தடுக்கிற வசதி எட்டிப் பாக்குது, அம்மா நம்பர்லேர்ந்துதான் வருது. வாங்க வாங்கன்னு உள்ள விட்டுடுது. யார் மேலயும் தப்பில்ல. ரெண்டு நல்லவங்களை ஒரே வீட்டுல விட்டா வர்ற சண்டைதான்.

இதைக் கேப்பீங்கன்னு தெரியும். கணக்குல வர்றதெல்லாம் நிஜத்துல வராது, சரி. நிஜ லைன்ல போட்டுப் பாக்காம உங்க ரூமுக்கு வருவேனா? நேத்து மத்தியானமே பாத்துட்டேன். ஜம்முன்னு போச்சு.

லேப்ல இல்ல மேடம். அங்க மூணு போனை அப்படி அமைக்கவே அரை நாள் ஆகும். எங்கிட்ட மூணு தயாரா இருந்துச்சு. எங்கம்மாவோடது, எங்கக்காவோடது, அப்புறம் அத்தானைப் பத்தி ஒரு வார்த்தை அதிகமாப் பேசினதுக்காக அக்கா ரெண்டு வருஷமாத் தடுத்து வெச்சிருக்கிற என்னோடது.

அம்மா தூங்கப் போனதும் அம்மா நம்பரைக் கூப்பிட்டேன், அக்கா சொல்லும்மான்னு எடுத்தா. நான்தான்க்கான்னேன். கட் பண்ணிடாத, ஆபீஸ் வேலையாத்தான் கூப்பிட்டேன்னேன், பதட்டத்துல வாயில அதான் வந்துச்சு. நீ எப்படிடி உள்ள வந்தேன்னா. இப்ப உங்களுக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். பாதியிலயே சிரிக்க ஆரம்பிச்சுட்டா, அப்புறம் அழுதா, நானும்தான்.

அதனால திங்கக்கிழமை வேணாம் மேடம், முதல்ல ஓட்டையை அடைப்போம். பாவம், எத்தனை பேர் யாருக்காவது பயந்து தடுத்து வெச்சிருப்பாங்களோ. எனக்கும் இனிமே அந்த ஓட்டை தேவைப்படாது. இன்னைக்குக் காலையில அக்காவை என் போன்லேர்ந்து நேராவே கூப்பிட்டேன், முதல் ரிங்லயே எடுத்துட்டா.