அரை மணித்தியாலம் பார்த்த படம்

வேலை கேட்டுப் போய், இல்லையென்று சொல்லிவிட, லோறென்ஸ்கூக் ஊருக்குப் போகும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவரின் கணவர் அவர்களுக்கும் முன் இருக்கையில் கைபேசியோடு இருந்தார்.

“ஹொலண்டிலை மியூசியம் பாத்தனீங்களோ அக்கா?”

“ஓம். சமையல் குசினியிலை ஒருத்தி பால் ஊத்துற படம். இவர் அரை மணித்தியாலம் அசையாமல் நிண்டு பாத்தவர்.”

“அவ்வளவு வடிவோ?”

“இருபது வருசமா நானும் குசினியிலை பால் ஊத்துறன். ஒருநாளும் எட்டிப் பாக்கேல்லை.”

“நீங்களும் பக்கத்திலை நிண்டிருப்பீங்கள்தானே?”

“நிண்டனான். ‘கொஞ்சம் தள்ளி நில்லும், படம் மறைக்குது’ எண்டார்.”

இளையவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

கணவர் கைபேசியில் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

“வீட்டை போனதும் எனக்கொரு பால் தேத்தண்ணி போடும்.”

“ஓம்,” என்றார் அக்கா.