வளையும் பூட்ஸ் ஒரு ஜோடி வெளியே போனது தொடர்பாக

என் பெயரும் வீட்டு முகவரியும் மேல்தாளில் தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. எனக்கு வயது முப்பத்தெட்டு. பனிச்சறுக்குப் பலகையில் நின்று ஓட்டுவோருக்கான பூட்ஸ் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். பேருந்து ஓட்டுநரான என் கணவருடனும், அவருடைய உடன்பிறந்த அக்காவான என் நாத்தனாருடனும் ஒரே வீட்டில் வசிக்கிறேன். நாத்தனாருக்கு வயது நாற்பத்தாறு. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் மீது இதற்கு முன் எந்தப் புகாரும் கிடையாது. கேட்கும் கேள்விகளுக்கு யாருடைய வற்புறுத்தலும் இன்றிப் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

தொழிற்சாலையிலிருந்து பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்துச் சென்றது நான்தான். அதை மறுக்கவில்லை. ஏன் எடுத்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில் அப்படியே சொல்ல அனுமதிக்கப்பட்டேன்.

என் நாத்தனார் எங்கள் ஊர் சறுக்குச் சரிவில் பலகை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியையாக இருந்தவர். ஏழு குளிர்காலங்களுக்கு முன் ஒரு நாள் சரிவில் விழுந்ததில் அவருடைய இடது கணுக்கால் முறிந்தது. அதன் பின்னர் எலும்பு கூடியது, நடக்கவும் மாடிப்படி ஏறவும் முடிந்தது, ஆனால் பூட்ஸ் போட்டு இறுக்கினால் மட்டும் ஐந்து நிமிடத்தில் வலி உயிரை வாங்கியது. காரணம், எங்கள் தொழிற்சாலையில் செய்வது உட்பட எல்லா பூட்ஸும் கெட்டியான கூடு போன்றவை. காலைக் கெண்டைச் சதை வரை ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்பவை. அதன் பின்னர் அவர் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, அதே சரிவின் அடிவாரத்தில், ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் லிப்டுக்கு டிக்கெட் கொடுக்கும் கூண்டில் வேலைக்குச் சேர்ந்தார். கூண்டின் ஜன்னல் சரிவைப் பார்த்திருக்கும். அவர் தன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சென்ற வருடம் கோடையில் ஒரு நாள் மதியம் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வீடு திரும்பியபோது, நாத்தனார் கூடத்தில் மெத்தையைச் சுருட்டிக் கீழே வைத்து, அதன் மேல் தன் பழைய பலகையைப் போட்டு, வெறுங்காலோடு ஏறி நின்று ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கப் போனார். நான் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து அவர் கால்களைப் பார்த்தேன். இந்நேரத்தில் வீட்டுக்குள் வந்த என் கணவர், "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? டாக்டருக்குப் போன் போடவா?" என்று கேட்டார். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பார்த்தது இதுதான். முன்னால் சாயும்போது அவர் கணுக்கால் மடங்கியது, பின்னால் சாயும்போது விரல்கள் தூக்கிக்கொண்டன. பலகையின் ஒரு முனையை மட்டும் அழுத்தும்போது கணுக்கால் பக்கவாட்டில் சரிந்து மீண்டது. பாதம் நடுவில் முறுக்கிக்கொண்டது. முறிந்த கால் உட்பட இரண்டு கால்களும் இதைச் செய்தன. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பதினோரு வருடமாக நான் வரைந்த பூட்ஸ் எதுவும் இந்த அசைவுகளில் ஒன்றைக்கூட விட்டுவைத்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பின்னர் தொழிற்சாலையில் மதிய உணவு நேரத்தில், கழிவாக வைத்திருந்த தோல், ரப்பர், நுரை ஆகியவற்றைக் கொண்டு வளையும் பூட்ஸ் செய்ய ஆரம்பித்தேன். புது மாதிரி செய்துபார்க்க வடிவமைப்பாளருக்கு அனுமதி உண்டு. முதல் ஜோடியை எல்லா இடத்திலும் மெத்தென்று செய்தேன். நாத்தனார் அதைப் போட்டுக் கூடத்தில் நாலு அடி நடந்துவிட்டு, "இது பூட்ஸ் இல்ல, அரிசி சாக்கு. உள்ள என் காலு தனியா ஊர்வலம் போகுது" என்றார். குதிகால் உள்ளே மேலெழும்புகிறது என்பது அவர் சொன்னதன் பொருள். இரண்டாவது ஜோடி விரல்களைக் கடித்தது. மூன்றாவது ஜோடியைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவது ஜோடி செய்யும்போதுதான் தவறு பிடிபட்டது. நாங்கள் இத்தனை நாளும் கணுக்காலைக் கட்டிவிட்டுக் குதிகாலைக் கோட்டை விட்டிருக்கிறோம். பிடிக்க வேண்டியது குதிகாலை, விட வேண்டியது கணுக்காலை. அதன்படி, பாதத்தின் மேல்பக்கம் இரண்டு பட்டைகள் குறுக்காகப் போய்க் குதிகாலைப் பின்னால் இழுத்து உட்காரவைக்கும்படி செய்தேன். கணுக்காலுக்கு மேலே கூட்டைத் துண்டுகளாக வெட்டி, ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வழுக்கும்படி தைத்தேன். அடித்தோலையும் விரல் மடங்கும் இடத்தில் இரண்டாக வெட்டி ரப்பரால் இணைத்தேன். எலும்பு தாங்கும் எல்லைக்கு முன்பே அசைவு நிற்கும்படி, உள்ளே இரு பக்கமும் கெட்டியான ஒரு நாடா வைத்தேன். கணுக்கால் சரியும்போது அது தளர்ந்திருக்கும், எல்லை வந்ததும் விறைத்துப் பிடித்துக்கொள்ளும்.

இவ்விடத்தில், எந்த எல்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டு கேட்டதால், என் கணுக்காலை வைத்துச் செய்து காட்டினேன். அதன் பின்னர் அவர் தன் ஷூவைக் கழற்றித் தன் குதிகால் வலி பற்றிச் சில கேள்விகள் கேட்டார். அவை இந்தப் புகாருக்குச் சம்பந்தம் இல்லாதவை என்பதால் எழுதப்படவில்லை.

நான்காவதில் சரியான இடத்தைப் பிடித்தாலும், தையலும் நாடாவும் ஒழுங்குக்கு வர ஏழாவது ஜோடி ஆயிற்று. அதை நாத்தனாரின் கால் அளவுக்கே செய்தேன். நேற்று, வியாழக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அதை எங்கள் தரப் பரிசோதகரிடம் கொண்டுபோனேன். புகார் கொடுத்திருப்பவர் அவர்தான். தொழிற்சாலையில் எல்லோரும் அவரை இரும்பு சார் என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும், வருத்தப்பட்டதில்லை. நேர்மையானவர். மோசமான பூட்ஸ் ஒன்றுகூட அவர் கையைத் தாண்டி வெளியே போனது கிடையாது. எந்த பூட்ஸ் வந்தாலும் இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பார்ப்பார். மடங்கினால் கழிவு. என்னுடையதையும் மடக்கினார். அது வாழைமட்டைபோல் மடங்கியது.

"வளையாம நின்னாதாம்மா பூட்ஸ். வளைஞ்சா அதுக்குப் பேரு செருப்பு" என்றார்.

போட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். யாருடைய காலை உடைத்துப் பார்க்கச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டார். இருபது வருடத்துக்கு முன் மெல்லிய பூட்ஸ் ஒன்றை அவர் சரி என்று விட்டதில் ஓர் ஆளுக்குக் கால் உடைந்ததாக நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் மேற்கொண்டு பேசவில்லை. அவர் கழிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, பூட்ஸைக் கழிவு அலமாரியில் வைத்தார். அந்த அலமாரியில் உள்ளவை மறுநாள் காலை எட்டு மணிக்கு வெட்டும் இயந்திரத்துக்குள் போகும்.

அதன் பின்னர் மாலை ஐந்து மணிக்கு, மேற்படி பூட்ஸை எடுத்து என் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். பை மூடவில்லை. அலமாரியில் ஒரு தாள் வைத்தேன். "சரிவில் போட்டுப் பார்க்க எடுத்துப் போகிறேன். திங்கட்கிழமை கொண்டுவருவேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தத் தாளைத்தான் அவர் திருட்டுக்கு ஆதாரமாகப் புகாரோடு இணைத்திருக்கிறார். கையெழுத்து என்னுடையதுதான்.

இன்று காலை ஏழரை மணிக்கு நானும் என் கணவரும் நாத்தனாரும் சரிவுக்குப் போனோம். திறப்பதற்கு முன் ஊழியர்கள் ஓட்டிக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. லிப்ட் இயக்குபவர் அனுமதித்தார். பலகையைத் தூக்கி வந்த என் கணவர் வழிநெடுக, "அக்கா, வேணாம்னா இப்பவே சொல்லிடு, நான் திருப்பித் தூக்கிட்டுப் போயிடறேன், எனக்கொண்ணும் சிரமமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

நாத்தனார் மர பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைப் போட்டார். இடது பட்டையை இறுக்கிய பிறகு சிறிது நேரம் எழவில்லை. இறுக்கம் அதிகமா அண்ணி என்று கேட்டேன். "இல்ல. பயமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கும் பயமாக இருந்தது. அவர் கால் மறுபடி முறிந்தால் அதைச் செய்தவள் நான் என்று ஆகும். வேண்டாம், திரும்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்து நாற்காலி லிப்டை நோக்கி நடந்துவிட்டார்.

முதல் தடவை மேலிருந்து கிளம்பி இரண்டாவது திருப்பத்தில் விழுந்தார். நானும் என் கணவரும் ஓடினோம். பனியில் ஓட முடியவில்லை, என் கணவரும் விழுந்தார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் நாத்தனார் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். "பழக்கமில்லாத காலு. சொன்னபடி கேக்குது. நான்தான் ஜாஸ்தியா சொல்லிட்டேன்" என்றார். எழுந்து பனியைத் தட்டிவிட்டு மீதித் தூரத்தையும் ஓட்டினார். இடம், வலம், இடம் என்று திரும்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் கணுக்கால் சரிந்தது, அதன் பின்னர் பலகை சரிந்தது, கோடு போட்டதுபோல் பனி பிளந்தது. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பதினான்கு திருப்பத்துக்குப் பிறகு எண்ண மறந்துவிட்டேன். என் கணவர் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கண்ணில் பனி விழுந்துவிட்டது என்றார். அப்போது பனி பெய்யவில்லை.

நாத்தனார் இரண்டாவது தடவை மேலே போயிருந்தபோது இரும்பு சாரும் இரண்டு காவலர்களும் வந்து சேர்ந்தார்கள். பூட்ஸ் எங்கே என்று காவலர் ஒருவர் கேட்டார். அதோ வருகிறது என்று கையைக் காட்டினேன். நாத்தனார் கீழே வந்ததும் காவலர் நிற்கச் சொல்லிக் கையைத் தூக்கினார். நாத்தனார் அதை வாழ்த்து என்று எண்ணித் தானும் கையை ஆட்டிவிட்டு, நிற்காமல் லிப்டுக்குப் போய்விட்டார். காவல்துறையை மதிக்காமல் செய்ததல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரும்பு சார் முதலில் என்னைத் திட்டினார். "கழிவுன்னு எழுதின சாமானை ஒரு ஆளு கால்ல மாட்டி விட்டிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று சத்தம் போட்டார். பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் நாத்தனார் மூன்றாவது தடவை இறங்க ஆரம்பித்திருந்தார். இரும்பு சார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். அவர் நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களையே பார்த்தார் என்பதைக் கவனித்தேன். நாத்தனார் நெருங்கியதும் காவலர் முன்னால் போனார். இரும்பு சார் காவலரின் தோளைப் பிடித்து நிறுத்தி, "இருங்க சார், இன்னொரு தடவ போயிட்டு வரட்டும்" என்றார்.

நான்காவது தடவை முடிந்ததும் நாத்தனார் தானாகவே எங்கள் முன் வந்து நின்றார். இரும்பு சார் பனியில் முழங்காலிட்டு, பூட்ஸின் குதிகாலைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கூட்டைப் பக்கவாட்டில் தள்ளினார். சரிந்தது. இன்னும் தள்ளினார். நின்றது.

"எது பிடிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

உள்ளே இருக்கும் நாடாவைப் பற்றிச் சொன்னேன். இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்றார். நீங்கள் கேட்கவில்லை என்றேன். அவர் நாடா இருக்கும் இடத்தை விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அதன் பின்னர் நாத்தனாரை அண்ணாந்து பார்த்து, "வலிக்குதாம்மா?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"வலியா? பசிக்குதுங்க. ஆனா சாப்பிடப் போனா இறங்கணுமே" என்றார் நாத்தனார்.

இரும்பு சார் சிரித்ததைப் பதினோரு வருடத்தில் நான் இன்றுதான் பார்த்தேன். எழுந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகக் காவலரிடம் சொன்னார். பதிவாகிவிட்டது, வாக்குமூலம் வாங்காமல் முடிக்க முடியாது என்று காவலர் சொன்னதன் பேரில் நானும் அவரும் அவர்களோடு நிலையத்துக்கு வந்தோம். அவர் இப்போது வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து தொழிற்சாலையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு ஜோடிக்குத் தோல் வெட்டச் சொல்வது இந்த அறை வரை கேட்கிறது. ஒவ்வொரு நாடாவையும் தானே இழுத்துப் பார்ப்பேன் என்றும் சொல்கிறார். அதை நான் வரவேற்கிறேன்.

சம்பந்தப்பட்ட பூட்ஸை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்கப்பட்டது. கொண்டுவர முயன்றோம். நாத்தனார் கழற்றவில்லை. கடைசி ஒரு தடவை என்று சொல்லி மேலே போனார். காவலர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார், அந்த நேரத்தில் கடைசித் தடவை ஐந்து முறை வந்தது. அவருடைய டிக்கெட் கூண்டில் இப்போது என் கணவர் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். அதற்கு அனுமதி உண்டா என்பது எனக்குத் தெரியாது. நாத்தனார் கழற்றியவுடன் பூட்ஸை இந்த நிலையத்தில் ஒப்படைக்கிறேன். அது இன்றைக்கு நடக்கும் என்று உறுதி கூற இயலாது.

நான் சொன்னதைச் சொன்னபடியே ஏட்டு எழுதி, எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கேட்டேன், சரியாக இருக்கிறது, இதில் கூட்டியது குறைத்தது எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கீழே என் கையெழுத்தை இடுகிறேன்.

(கையொப்பம்)
பூட்ஸ் வடிவமைப்பாளர்
வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம்