வெள்ளிக்கிழமைப் பதிவு

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் திருட்டுக்குப் பயந்து யாரும் செருப்பை எடுத்து உள்ளே வைப்பதில்லை, சார். காபியைக் குடியுங்கள், ஆறிவிடும்.

காரைக்குடியில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. அதற்காகத்தான் போலீசோடு சேர்ந்து இந்த நட்புறவுக் குழுவை ஆரம்பித்தோம். மீனலோசனி ஆச்சி சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள். ஸ்டேஷன் என்றாலே ஒதுங்கிப் போகும் ஜனங்களை வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தது நான். தெருக் கேமராக்களின் பதிவுப் பெட்டிகூட என் வீட்டில்தான் இருக்கிறது.

மாசி மாதம் எதிர்த்த பெரிய வீட்டில் வெண்கலப் பாத்திரங்கள் களவு போயின. பூட்டு உடையவில்லை. யார் மேலாவது சந்தேகமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். செயலாளரே தெரியாது என்றால் குழு எதற்கு? அந்த வீட்டை வாரம் ஒரு நாள் திறந்து பெருக்கும் முத்துக்கருப்பன் பெயரைச் சொன்னேன். சாவி அவனிடம்தானே இருந்தது. மறுநாளே பிடித்தார்கள். கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். தெருவே கைதட்டியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இன்ஸ்பெக்டர் மைக்கில் பேசும்போதுதான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பின்சந்து வழியாகக் களவு நடந்ததாகச் சொன்னார். அந்த நேரம் முத்துக்கருப்பன் என் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் பணியாரம் கொடுத்தேன். அவன் நாலரைக்கு வந்ததும் ஏழுக்குப் போனதும் என் வாசல் கேமராவில் இருந்தது.

அன்றே அவன் மனைவி புஷ்பவள்ளி வந்தாள்.

"ஆச்சி, அன்னைக்கு உங்க வீட்டுலதான இருந்தாரு. நீங்க ஸ்டேசனுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னீகன்னா விட்டுருவாக."

"எனக்கு நெனப்பு இல்லையேத்தா," என்றேன். "போலீச நம்பு. தப்புச் செய்யாதவன ஒண்ணும் செய்ய மாட்டாக."

அவள் போனதும் அந்தப் பதிவை அழித்தேன். ஆமாம், நான்தான். நீங்களே யோசித்துப் பாருங்கள். வாங்கிய சால்வையோடு போய் மாற்றிச் சொன்னால் இன்ஸ்பெக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? அப்புறம் குழுவை யார் மதிப்பார்கள்? ஒரு ஆளுக்காக ஒரு தெருவின் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பிடித்துப் போன பதினோராம் நாள் முத்துக்கருப்பன் ஜெயிலில் செத்துப்போனான். நெஞ்சுவலி என்றார்கள். குழு சார்பில் மாலை அனுப்பினேன். புஷ்பவள்ளி வாங்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்து என் கேட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஏசவில்லை, அழவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். காரணமில்லாமல் யாராவது தெருவில் நின்றால் தகவல் கொடுங்கள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நான் சும்மா இருக்கலாமா? ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். முன்பெல்லாம் கூப்பிட்டால் எட்டிப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்கு ஐந்தே நிமிடத்தில் ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. இந்த நம்பிக்கையை உண்டாக்க நான் எவ்வளவு பாடுபட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?