நான்காம் மாடியில் கேட்ட குரல் என்னுடையதே

என்னை இந்தப் பகுதியில் எல்லோரும் லிஃப்ட் மாமா என்றே அழைப்பார்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரைக் காவல் நிலைய எழுத்தர் பார்த்து எழுதிக்கொண்டார். வயது ஐம்பத்தெட்டு. தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. படிப்பு ஏழாம் வகுப்பு. அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளியில் ஆள் இல்லாததால் நின்றுவிட்டேன். சம்பவம் நடந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் பின்தெருவில், சலவைக் கடைக்கு மேல் உள்ள அறையில் குடியிருக்கிறேன். மேற்படி கட்டடத்து லிஃப்டை நல்லபடியாக ஓடவைப்பது என் பொறுப்பு. இந்த நகரத்தில் என் கை படாத லிஃப்ட் கிடையாது.

என் அக்கா மேற்படி கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தன் ஒரே மகளுடன் வசிக்கிறாள். அக்கா மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை செய்கிறாள். சிறு வயதிலிருந்தே பக்தி உள்ளவள். வேலைக்குப் போகும் முன் ஜன்னல் ஓரம் கண்ணை மூடி உட்காருவாள். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன வருடம் அவளுக்குத் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, தனியாகப் பேச ஆரம்பித்தாள். கேட்டதற்கு ஆண்டவன் தன்னுடன் பேசுவதாகச் சொன்னாள். இது நோய் என்று முதலில் கண்டுபிடித்தவன் நான். மனநல மருத்துவர் பிறகு அதை உறுதி செய்து மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் அவள் தேறி மறுபடி வேலைக்குப் போனாள்.

அதன் பிறகு, அக்கா போகும் வழிபாட்டுக் கூடத்தில் ஆண்டவன் அவளுடன் பேசிய விஷயம் பரவி, பெண்கள் தங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் பரீட்சைக்கும் என் அக்கா மகளிடம் கேட்டுச் சொல்லும்படி வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். புருஷன் போன நாளிலிருந்து அவளை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். மாத்திரை தின்றால் ஆண்டவன் பேசுவதை நிறுத்திவிடுவான் என்று பயந்து அக்கா மகளின் மாத்திரையை நிறுத்தினாள். கூடத்துத் தலைவர் மருந்தை விடாதே என்றுதான் சொல்லியிருக்கிறார். அது இவள் காதில் ஏறவில்லை.

சம்பவ நாளன்று காலை காவலாளி எனக்குப் போன் செய்து, லிஃப்ட் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிற்பதாகவும் உள்ளே என் அக்கா மகள் இருப்பதாகவும் சொன்னான். நான் போட்டது போட்டபடி ஓடி, மூன்றாம் மாடிக்கு ஒரே மூச்சில் ஏறினேன். அங்கே கம்பிக் கதவு வழியாகப் பார்த்தபோது, அவள் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டிக் கதவின் கம்பிகளுக்கு இடையே வலது கையைத் தோள்வரை வெளியே விட்டு, சுவரில் பதித்த இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தரையில் கால் வைக்கக்கூடாது, வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று தனக்குக் கட்டளை என்றாள். கையை உள்ளே எடு என்று நான் சொன்னதற்குப் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்து எவ்வளவு நேரம் ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மொட்டைமாடி இயந்திர அறையில் பிரேக்கைத் தளர்த்திக் கைச்சக்கரத்தைச் சுற்றினால் பெட்டியை இறக்கிவிடலாம். அதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் அந்தக் கை வெளியே இருக்கும்வரை சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாலும் கை நசுங்கிவிடும். அக்கா கதவு முன்னால் மண்டியிட்டிருந்தாள். என் வாயை அடைத்து, "அவகூட ஆண்டவன் பேசிக்கிட்டிருக்கான்டா. நடுவுல நீ உளறாத" என்றாள்.

அதன் பிறகு நான் மொட்டைமாடிக்குப் போனேன். இயந்திர அறையிலிருந்து லிஃப்ட் பெட்டிக்குப் பேச ஒரு இன்டர்காம் உண்டு. அக்கா மகள் அம்மா பேச்சையும் கேட்கவில்லை, என் பேச்சையும் கேட்கவில்லை, ஆண்டவன் பேச்சை மட்டும் கேட்கிறாள் என்பதால், ஆண்டவனாகவே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். இளவயதில் நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டியவன். என் குரலுக்குக் கடைசி வரிசையில் குழந்தைகள் அழுதிருக்கின்றன. அந்தக் குரலில், "குழந்தாய், யாம் பேசுகிறோம். பிடிவாதத்தை விடு. உன் வீட்டார் உனக்காகக் காத்திருக்கிறார்கள்" என்று சொன்னேன்.

அப்போது நான் செய்த தவறு, பொது இணைப்பை அணைக்க மறந்தது. தீ விபத்து அறிவிப்புக்காக எல்லா மாடிகளிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் நானே பொருத்திய ஒலிப்பெட்டிகள் உள்ளன. நான் பேசியது ஐந்து மாடிக்கும் கேட்டிருக்கிறது. நான்காம் மாடி ஒலிப்பெட்டி, என் மேல் இந்த நிலையத்தில் மனுக்கொடுத்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வீட்டு வாசலுக்கு நேர் மேலே உள்ளது. அவர் அப்போது வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்ததாகவும், குரலைக் கேட்டதும் உள்ளே ஓடி, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பிக்குப் போன் செய்து அழுது மன்னிப்புக் கேட்டதாகவும் மனுவில் உள்ளது. அவர் உள்ளே போய்விட்டதால் மீதியைக் கேட்கவில்லை.

மீதி இதுதான். கொஞ்ச நேரம் கழித்து இன்டர்காமில் அக்கா மகளின் குரல் வந்தது.

"மாமா, ஆண்டவனுக்கு எப்பலேருந்து மூக்கடைப்பு?"

எனக்கு அன்று சளி பிடித்திருந்தது உண்மை. அவள் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பிறகு, "எனக்குக் கேக்கற குரல் இப்படி நல்லாப் பேசாது மாமா. அது திட்டிக்கிட்டே இருக்கும்" என்றாள்.

எனக்கு அடுத்த வசனம் வரவில்லை. எந்த மேடையிலும் எனக்கு அப்படி ஆனதில்லை. "பாப்பா, சக்கரத்தைச் சுத்தினா உன் கை போயிடும்னு பயமா இருக்கு" என்று என் சொந்தக் குரலில் சொன்னேன். முன்னெல்லாம் ஜன்னல் ஓரம் உட்காருவாயே, அப்போதும் திட்டுமா என்று கேட்டேன்.

"இல்ல. அப்ப யாருமே பேச மாட்டாங்க. சும்மா அமைதியா இருக்கும். அதுக்காகத்தான் உக்காருவேன்."

இவ்வளவையும் மூன்றாம் மாடி ஒலிப்பெட்டியில் என் அக்கா கேட்டிருக்கிறாள். அவள் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு பேசியது இன்டர்காம் வழியாக எனக்கும் கேட்டது.

"அது உன்னைத் திட்டுதா? நல்ல வார்த்தை சொல்லுதுன்னுல்ல நான் ஊரெல்லாம் சொன்னேன். ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தம்மா. அதான்."

 பிறகு அக்கா, "எனக்கு எதுவும் கேட்டுச் சொல்ல வேணாம். கையை எடும்மா, டாக்டர்கிட்டப் போலாம். நானும் வரேன்" என்றாள். எடுத்துவிட்டாளா என்று நான் கேட்டேன். எடுத்துவிட்டாள் என்று அக்கா சொன்னாள். காவலாளியை வந்து பார்த்து உறுதி செய்யச் சொல்லிவிட்டுத்தான் பிரேக்கைத் தளர்த்தினேன். பெட்டியை மூன்றாம் மாடித் தரைக்குச் சரியாக இறக்கினேன். ஒரு தம்ளர் தண்ணீரை உள்ளே வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. கதவு திறந்தும் அவள் காலை எடுத்து வைக்காமல் வெகுநேரம் நின்றாள். அக்கா தன் பாதத்தைக் காட்டி அதன் மேல் மிதித்து வரச் சொன்னாள். அப்படியே வந்தாள். யாரும் அவளைத் தூக்கவுமில்லை, கட்டவுமில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்துதான் மருத்துவமனைக்கு வந்தாள்.

அங்கே அவள் டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டது, அந்த அமைதி திரும்ப வருமா என்பது. அதைப் பற்றித் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் திட்டும் குரலை அடக்க முடியும், பிரார்த்தனையை விட வேண்டியதில்லை, மாத்திரையையும் விடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். என் மதிநுட்பத்தைப் பாராட்டினார். இனி ஒருமுறை ஆண்டவன் வேஷம் போட்டால் என்னையும் வார்டில் படுக்கவைப்பதாகவும் சொன்னார்.

தற்போது அக்கா மகள் வார்டில் இருக்கிறாள். தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். குரல் இன்னும் கேட்கிறது, ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தூரத்தில் கேட்கிறது என்கிறாள். மாத்திரையை அக்காதான் கையில் கொடுக்கிறாள். கூடத்துப் பெண்கள் வார்டுக்கே வந்து ஆண்டவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டதற்கு, "பொண்ணு தூங்கறா. அவனையும் கொஞ்சம் தூங்க விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மனுவில் சொன்னபடி குரல் என்னுடையதே. மேலாளரை ஏமாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் தம்பியிடம் கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்கித்தர என்னால் ஆகாது. தம்பியும் கொடுக்கமாட்டேன் என்று நேற்று குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார். வழக்குப் போடுவதானால் என் மேல் மட்டும் போடும்படியும், அக்கா மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியவள் என்பதால் அவளைப் பற்றி "ரகளை" என்று மனுவில் எழுதியுள்ளதை எடுத்துவிட்டு "உடல்நலக் குறைவு" என்று எழுதும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். என் திறமை பற்றிய இடங்களில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். அக்கா மகள் சொன்னதிலும் அக்கா சொன்னதிலும் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

(கையொப்பம்)